ஓலை விளையாட்டுப் பொருள்கள்

உணவும் உறக்கமும் போல விளையாட்டும் குழந்தைகட்கு இன்றியமையாதது. இதனை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் பாடப்பெறும் பத்துப் பருவங்களுள் இறுதி மூன்றனையும் நோக்குக. சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்னும் அம்மூன்றும் விளையாட்டைப் பற்றியனவே. மணலால் கட்டிய வீடும், கையால் முழக்கும் பறையும், உருட்டிச் செல்லும் தேரும் பெரும்புலவர் பாட்டிற்குப் பொருளாயின.

சிறுதேரின் பழைமை அதனினும் மிகுதி. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் சோழநாட்டு மனைமுற்றம் ஒன்றனைக் காட்டுகின்றார். உலர வைத்த உணவைக் கவர வந்த கோழியை விரட்ட, மனைக்குரிய மகள் தன் காதணியைக் கழற்றி எறிகின்றாள். பொன்னாலான அவ்வணி முற்றத்தில் கிடந்து, குதிரை பூட்டாமல் சிறுவர் உருட்டி வரும் மூன்று கால் சிறுதேரின் வழியைத் தடுக்கின்றது. பொன்னைத் தடையாகவும் தேரைப் பெரும்பொருளாகவும் காட்டிய புலவர் குழந்தையுள்ளம் அறிந்தவர் என்பதில் ஐயமில்லை.

தேர் செய்யத் தச்சன் வேண்டும். பறைக்குத் தோல் வேண்டும். பொருட்செலவு ஏதுமின்றி வீட்டாரே செய்து தரக்கூடிய விளையாட்டுப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் பெரிதும் உதவி வந்தது ஓலை. பனையோலையும் தென்னையோலையும் கிடைக்காத ஊர் ஒருகாலத்தில் அரிது. பதநீர் பருகப் பட்டையாகவும், கருப்பட்டி வைக்கக் கொட்டானாகவும், கார்த்திகைத் திருநாளில் தென்மாவட்டங்களில் கொழுக்கட்டை அவிக்கும் கலமாகவும் பயன்பட்ட அவ்வோலையின் எஞ்சிய துண்டுகள் குழந்தைகளின் கைக்கு வந்தன.

ஓலை எல்லாம் ஒருதன்மையது அன்று. மரத்தின் உச்சியில் விரியாமல் நிற்கும் இளவோலை குருத்தோலை எனப்படும். அது வெளிறிய நிறமும் வளையும் தன்மையும் உடையது. விரிந்து பசுமையாக முற்றியது சாரோலை. காய்ந்து பழுப்பு நிறமாகத் தொங்குவது காவோலை. பின்னல் வேலைக்குக் குருத்தோலை சிறந்தது. காற்றாடிக்கு ஓரளவு விறைப்பு வேண்டுமாதலின் சாரோலை ஏற்றது. காவோலை மடித்தால் முறியுமாதலின் அடுப்புக்கும் வேலிக்குமே பயன்படும். வெட்டிய ஓலையை நிழலில் உலர்த்திச் சுருட்டி வைத்துக்கொண்டால் பல நாள் கெடாது. வேலை தொடங்குமுன் சிறிது நீர் தெளித்து ஈரத்துணியில் சுற்றி வைத்தால் மீண்டும் வளையும். வெயிலில் உலர்த்திய ஓலை சுருண்டு பிளந்து விடும்.

ஓலையின் ஒவ்வோர் இதழிலும் நடுவே ஈர்க்கு ஓடுகின்றது. அதனைக் கிழித்து எடுத்துவிட்டால் இரண்டு பட்டையான துண்டுகள் கிடைக்கும். பனைமட்டையின் இருபுறமும் உள்ள கருக்கு இரம்பத்தின் பல் போன்றது. ஆதலின் மட்டையிலிருந்து ஓலையைப் பிரிப்பது பெரியவர் வேலை. ஓலையின் விளிம்பும் விரைந்து இழுத்தால் விரலை அறுக்கும். சிறு குழந்தையின் கையில் கொடுக்குமுன் விளிம்பை ஒருமுறை மடித்துத் தேய்த்துவிடுதல் நன்று.

இனி, காற்றாடி செய்யும் முறையைக் காண்போம். ஒரு சாண் நீளமும் இரண்டு விரல் அகலமும் உள்ள ஓலைத்துண்டுகள் இரண்டு வேண்டும். ஒரு துண்டின் நடுவில், அதன் நீளவாக்கில், ஒன்றற்கொன்று சற்று இடைவிட்டு இரண்டு கீறல்கள் இடவேண்டும். கீறலின் நீளம் மற்றைத் துண்டின் அகலத்திற்குச் சமமாக இருத்தல் வேண்டும். மற்றைத் துண்டை ஒரு கீறலின் வழியே கீழிருந்து மேலே கொணர்ந்து, அடுத்த கீறலின் வழியே மேலிருந்து கீழே செலுத்தினால் இரண்டும் குறுக்காக நின்று நான்கு இறகுகள் ஆகும். ஓலையின் நரம்புகள் நீளவாக்கில் ஓடுவதால் இக்கீறலை நகத்தாலும் இடலாம்.

இவ்வளவில் நிறுத்தி முள்ளைக் குத்தி ஓடிப் பார்த்த சிறுவன் ஏமாற்றம் அடைவான். காற்றாடி சுழலாது. தட்டையான இறகின்மேல் மோதும் காற்று அதனைப் பின்னுக்குத் தள்ளுமேயன்றிப் பக்கவாட்டில் தள்ளாது. ஒவ்வோர் இறகையும் சிறிது முறுக்கிச் சாய்த்தல் வேண்டும். அப்பொழுது காற்று சாய்ந்த பரப்பில் மோதி ஒருபுறமாக விலகுகின்றது; இறகோ மறுபுறம் தள்ளப்படுகின்றது. நான்கு இறகுகளும் ஒரே திசையில் சாய்ந்திருத்தல் இன்றியமையாதது. இரண்டு ஒருபுறமும் இரண்டு மறுபுறமும் சாய்ந்தால் ஒன்றன் முயற்சியை மற்றொன்று அழித்துவிடும். பெரிய காற்றாலைகளின் இறகுகள் சாய்வாக அமைந்திருப்பதும் இக்காரணம் பற்றியே. முப்பந்தலில் சுழலும் காற்றாலைகளைக் கண்டவர்கள் இவ்வொற்றுமையை எளிதில் உணர்வர்.

அச்சுக்குக் கருவேல முள் ஏற்றது. அதன் அடிப்பகுதி பருத்திருப்பதால் ஆணியின் தலைபோல நின்று இறகுகளைக் கழன்று விழாமல் காக்கும். ஓலையில் இடும் துளை முள்ளினும் சற்றே பெரிதாக இருக்கவேண்டும். இறுக்கமானால் சுழலாது, மிகப் பெரிதானால் தள்ளாடும். முள்ளின் கூர்முனையைச் சோளத்தட்டையின் மேற்பகுதியில் குத்துக. தட்டையின் உள்ளே இருக்கும் நெட்டி மென்மையானது, முள்ளைப் பற்றிக்கொள்ளும். இறகுகளுக்கும் தட்டைக்கும் இடையில் ஒரு சிறு ஓலைத்துண்டை வைத்தால் உராய்வு குறையும். மறுபுறம் முள்முனை வெளிப்பட்டால் அதனை ஒடித்து விடுக. காற்றாடி ஏந்தி ஓடும் குழந்தை கீழே பார்ப்பதில்லை. விழுந்தால் அம்முனை கண்ணருகே இருக்கும்.

கைக்குழந்தைக்கு ஏற்றது கிலுகிலுப்பை. குருத்தோலையைச் சிறு கீற்றுகளாக வகிர்ந்து, ஒன்று மேலும் ஒன்று கீழுமாகச் செலுத்தி நாற்புறமும் மூடிய சிறு பெட்டிபோல முடைந்து, எஞ்சிய கீற்றுகளை முறுக்கிக் கைப்பிடி ஆக்குவர். முடைதல் என்னும் வேலையை எழுத்தால் விளக்குவதினும் முடைபவர் கையைப் பார்த்துக் கற்பது எளிது. வாயை மூடுமுன் உள்ளே சிறு கற்களோ விதைகளோ இடுவர். கல் இட்டால் ஒலி கணீரென்று கேட்கும். புளியங்கொட்டை இட்டால் மெல்லென்று கேட்கும். மூன்று வயதுக் குழந்தையால் முடைய இயலாது. ஆயினும் தம்பிக்கோ தங்கைக்கோ செய்யும் கிலுகிலுப்பையில் எண்ணி எண்ணிக் கல்லைப் போடும் பணியை அதனிடமே கொடுக்கலாம். பின்னர் அவ்வொலி எங்கே கேட்டாலும், அது தன் கைப்பட்டது என்று அக்குழந்தை சொல்லிக்கொள்ளும்.

விதையைத் தேர்வதில் பெரிதும் விழிப்பு வேண்டும். செந்நிறமும் கரும்புள்ளியும் உடைய குன்றிமணி பார்வைக்கு அழகியது. பொற்கொல்லர் நிறுத்தலுக்குப் பயன்படுத்தியது. எனினும் அதனுள் கொடிய நஞ்சு உள்ளது. மேலோடு உடைந்தோ மெல்லப்பட்டோ உட்சென்றால் உயிருக்கு ஊறு நேரும். ஆமணக்கு விதையும் அத்தகையதே. இவ்விரண்டையும் விளையாட்டுப் பொருளில் சேர்த்தலாகாது. கல்லாயினும் கொட்டையாயினும் உதிர்ந்தால் குழந்தையின் தொண்டையில் சிக்கும். ஆதலின் பின்னல் நெருக்கமாக இருக்கின்றதா என்பதை நாள்தோறும் பார்த்து, தளர்ந்ததை உடனே அகற்றிவிடல் வேண்டும். கிலுகிலுப்பை குழந்தையின் வாய்க்குள் அடங்காத அளவினதாக இருத்தலும் முறை. ஓலையை வாயில் வைத்துச் சுவைப்பது குழந்தையின் இயல்பு. எனவே சாயம் ஏற்றாத ஓலையே கைக்குழந்தைக்கு உரியது.

தென்னையோலையால் ஊதலும் செய்யலாம். ஈர்க்கு நீக்கிய நீண்ட கீற்றை ஒருமுனை குறுகியும் மறுமுனை விரிந்தும் இருக்குமாறு புரியாகச் சுற்றி, அவிழாதபடி ஈர்க்குத் துண்டால் குத்திவிடுவர். குறுகிய முனையில் இரண்டாக மடித்த சிறு ஓலைத்துண்டைச் செருகி, அம்முனையைச் சிறிது நசுக்கி ஊதினால் ஒலி எழும். மெல்லிய இரண்டு ஓலைப்பரப்புகள் மூச்சுக்காற்றால் அதிர்ந்து ஒன்றோடொன்று மோதுவதால் அவ்வொலி பிறக்கின்றது. நாகசுரத்தின் சீவாளி ஒலிப்பதும் இம்முறையிலேயே. ஊதலைப் பெற்ற குழந்தை மகிழும் அளவிற்கு வீட்டார் மகிழ்வர் என்று உறுதி கூறுதல் இயலாது. குருத்தோலை ஞாயிறன்று கிறித்தவச் சிறுவர்கள் குருத்தோலையை மடித்துச் சிறு சிலுவைகள் செய்து ஒருவருக்கொருவர் வழங்குவதும் இவ்வகைக் கைத்தொழிலே.

கோடைக்காலத்து விளையாட்டுப் பொருள்களுள் தலையாயது நுங்கு வண்டி. சித்திரை, வைகாசித் திங்களில் நுங்கு தின்றபின் எறியப்படும் பனங்காய்கள் இரண்டினை எடுத்து, ஒரு நேரான குச்சியின் இருமுனையிலும் செருகினால் உருளைகளும் அச்சும் அமைந்துவிடும். கவைக்கோல் ஒன்றின் கவையை அச்சின்மேல் பொருத்தித் தள்ளிக்கொண்டு ஓடலாம். இரண்டு காய்களும் ஒரே அளவினவாக இருத்தல் வேண்டும். அச்சில் இறுகப் பொருந்திய இரு உருளைகளும் ஒருசேரச் சுழல்கின்றன. அளவில் பெரியது ஒரு சுற்றில் மிகுந்த தொலைவும் சிறியது குறைந்த தொலைவும் செல்லும். அதனால் வண்டி சிறிய காயின் பக்கமாகவே வளைந்து வளைந்து ஓடும். எந்தப் பாடநூலையும் பாராமல் காயை மாற்றி இக்குறையைத் தீர்த்துக்கொள்ளும் சிறுவர்கள் ஊர்தோறும் உண்டு.

இப்பொருள்கள் நெடுநாள் நிற்பதில்லை. நுங்கு வண்டி சில நாளில் வதங்கிப்போகும். காற்றாடி ஓலை காய்ந்து சுருளும். கடைகளில் விற்கும் நெகிழிப் பொம்மைகள் இவற்றினும் நெடிது நிற்கும் என்பது உண்மையே. ஆனால் அவை உடைந்தால் குழந்தை அழுவதன்றி வேறொன்றும் செய்ய இயலாது. அவற்றின் உள்ளமைப்பு அதற்குத் தெரியாது. தன் கண்ணெதிரே அக்காள் மடித்த ஓலைக் காற்றாடி கிழிந்தால், குழந்தை இன்னோர் ஓலையை எடுத்துக்கொண்டு அவளிடம் வரும். சில நாளில் அவள் இல்லாதபோதும் மடிக்கத் தொடங்கும்.

ஓலை இருந்தாலன்றோ இது நிகழும்! பனை தமிழ்நாட்டின் மாநில மரம். எனினும் செங்கற் சூளைக்கு விறகாகவும் வீட்டுமனைக்கு இடமாகவும் எண்ணற்ற பனைகள் வெட்டப்பட்டன. மரம் ஏறுவோரும் குறைந்தனர். மரம் நின்றும் ஓலை இறங்காத ஊர்கள் பல. 2019 சனவரி முதல் நாளிலிருந்து தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. அதன்பின் ஓலைப் பெட்டிக்குச் சில கடைகளில் மீண்டும் இடம் கிடைத்தது. 2021 ஆம் ஆண்டு வேளாண்மை நிதிநிலை அறிக்கையில், மாவட்ட ஆட்சியரின் இசைவின்றிப் பனையை வெட்டலாகாது என்னும் அறிவிப்பு இடம்பெற்றது.

விளையாட்டுக்கு ஓலை பறிப்போரும் ஓர் அளவு அறிதல் வேண்டும். பனைக்கு வளரும் முனை ஒன்றே. மாமரம்போலக் கிளைத்துத் தழைப்பது அதன் இயல்பன்று. குருத்தை அடியோடு அழித்தால் மரமே பட்டுப்போகும். ஆதலின் விரியும் நிலையில் உள்ள ஓர் ஓலையை மட்டும் அறுத்து, உள்ளிருக்கும் இளங்குருத்தைத் தொடாமல் விடுவதே ஓலை அறுப்போர் வழக்கம்.

பனங்கொட்டைகளை மழைக்காலத்தின் தொடக்கத்தில் குளக்கரையிலும் வரப்பிலும் புதைப்பர். கிழங்குக்காகப் புதைத்தவற்றைப் பொங்கலை ஒட்டி அகழ்ந்து எடுத்துவிடுவர். எடுக்காமல் விட்டவை முளைத்து, மெல்ல மெல்ல வடலியாக வளரும். அது காய்ப்பதற்குப் 15 ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆகலாம். ஆனால் ஓலைக்கு அத்துணைக் காலம் காத்திருக்க வேண்டுவதில்லை. வடலியின் ஓலை தரையில் நிற்பவர் கைக்கே எட்டும். ஏறுவாரைத் தேடாமல், காற்றாடிக்கு வேண்டிய இரண்டு துண்டுகளை அதிலிருந்து அறுத்துக்கொள்ளலாம்.