கடல் வாடகை

2020-ல் கொரோனாவுக்குப் பயந்து உலகம் முழுக்க விமான நிலையங்கள் மூடப்பட்டபோது, பசிபிக் தீவுகளில் ஒரு வேடிக்கை நடந்தது. கடற்கரை விடுதிகளால் செழித்த ஃபிஜியின் பொருளாதாரம் அந்த ஒரே ஆண்டில் ஏறத்தாழ 17 சதவீதம் சுருங்கியது. அதற்கு வடக்கே, சுற்றுலாப் பயணிகள் அதிகம் எட்டிப் பார்க்காத கிரிபட்டியிலும் துவாலுவிலும் அரசுக் கஜானா பெரிதாக ஆட்டம் காணவில்லை. தீவு என்றாலே தேனிலவுப் பயணம்தான் நமக்கு ஞாபகம் வரும். இவர்கள் பிழைப்பதோ வேறொரு வியாபாரத்தில்.

கிரிபட்டியின் நிலப்பரப்பு 811 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியைப் போல இரண்டு மடங்குகூட இல்லை. ஆனால் கரையிலிருந்து 200 கடல் மைல் வரை அந்தந்த நாட்டுக்கே உரிமை என்ற சர்வதேச விதிப்படி, சிதறிக் கிடக்கும் தீவுகளைச் சுற்றி அதற்குச் சேரும் கடல் சுமார் 35 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவின் நிலப்பரப்பைவிடப் பெரிது. அந்தக் கடலில் ஓடுவது சூரை மீன். உலகில் பிடிபடும் சூரையில் பாதிக்கு மேல் மேற்கு, மத்திய பசிபிக்கில்தான் கிடைக்கிறது.

இந்த உரிமையை யாரும் தட்டில் வைத்துக் கொடுத்துவிடவில்லை. சூரை ஊர் ஊராகச் சுற்றும் மீன், அது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை என்பது 1980-களில் அமெரிக்காவின் வாதம். 1984-ல் தன் கடலில் அனுமதியின்றி வலை வீசிய ‘ஜெனட் டயானா’ என்ற அமெரிக்கக் கப்பலை சாலமன் தீவுகள் சிறைபிடித்தது. அமெரிக்கா பதிலுக்கு சாலமன் தீவுகளின் மீனுக்குத் தடை போட்டது. அடுத்த ஆண்டே கிரிபட்டி சோவியத் யூனியனுக்கு மீன்பிடி உரிமம் கொடுத்தது. பனிப்போர்க் காலம் அல்லவா? வாஷிங்டன் சட்டென்று இறங்கி வந்தது. 1987-ல் தீவு நாடுகள் அனைத்தோடும் ஒப்பந்தம் போட்டு, ஐந்தாண்டுக்கு 6 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. மீனுக்காக வந்த பணம் என்பதைவிட, மாஸ்கோவை விலக்கி வைக்கக் கொடுத்த பணம் என்பதே பொருத்தம்.

அதற்குப் பிறகும் பல காலம், வெளிநாட்டுக் கப்பல்களோடு ஒவ்வொரு தீவும் தனித்தனியாகப் பேரம் பேசி ஏமாந்தது. நம் ஊர் ஏரி மீன் குத்தகையில் ஏலக்காரர்கள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு ஊரை ஏய்ப்பது போலத்தான். பிடித்த மீனின் மதிப்பில் சொற்ப சதவீதமே கைக்கு வந்தது. இந்த ஆட்டத்தை மாற்றியது, 1982-ல் உருவான நவ்ரு ஒப்பந்தத்தில் இப்போது உள்ள எட்டு நாடுகளின் கூட்டு. பாப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள், மார்ஷல் தீவுகள், மைக்ரோனீசியா, பலாவ், நவ்ரு, கிரிபட்டி, துவாலு ஆகியவையே அவை. 2007-ல் இவை ‘கப்பல் நாள்’ முறையைக் கொண்டுவந்தன.

விற்பது மீனை அல்ல, நாளை. ஒரு சுருக்குமடி வலைக் கப்பல் எங்கள் கடலில் ஒரு நாள் தொழில் செய்ய இவ்வளவு டாலர் என்று கணக்கு. 50 மீட்டருக்குக் குறைந்த கப்பலுக்கு அரை நாள், 80 மீட்டரைத் தாண்டினால் ஒன்றரை நாள் எனக் கழியும். ஆண்டுக்கு ஏறத்தாழ 45,000 நாட்கள்தான் சந்தைக்கு வரும். கப்பல் எங்கே நிற்கிறது என்பதைச் செயற்கைக்கோள் கருவி சொல்லிவிடும். 2010 முதல் ஒவ்வொரு கப்பலிலும் ஒரு கண்காணிப்பாளர் கூடவே போகிறார். முதலாளி மீன் கிடைக்கவில்லை என்று கைவிரித்தாலும் நாள் கழிந்தது கழிந்ததுதான். குறைந்தபட்ச விலை 2012-ல் 5,000 டாலர், 2015-ல் 8,000. எட்டு நாடுகளுக்கும் சேர்த்து 2010-ல் சுமார் 6 கோடி டாலராக இருந்த வருமானம், பத்தாண்டுக்குள் 40 கோடியைத் தாண்டியது. கடலூர், நாகை கரைகளில் சண்டை மூட்டிய அதே சுருக்குமடிதான். அங்கே ஒரு நாட்டின் பட்ஜெட்டையே அது தாங்குகிறது. கிரிபட்டி அரசின் வருவாயில் பாதிக்கு மேல் இந்த வாடகைதான்.

துவாலுவுக்கு இன்னொரு அதிர்ஷ்டமும் அடித்தது. இணையத்தில் நாடுகளுக்கு முகவரி எழுத்து ஒதுக்கியபோது அதற்குக் கிடைத்தது ‘டிவி’. 2000-ல் ஓர் அமெரிக்க நிறுவனம் 12 ஆண்டுகளில் 5 கோடி டாலர் தருவதாக அந்த முகவரி உரிமையைக் குத்தகைக்கு எடுத்தது. அந்தப் பணத்தில்தான் சந்தா கட்டி, அதே ஆண்டு ஐ.நா.வின் 189-வது உறுப்பினரானது துவாலு. தலைநகர் ஃபுனாஃபுட்டிக்குத் தார்ச்சாலையும் தெருவிளக்கும் வந்தன.

விற்கக்கூடாததை விற்றவர்களும் உண்டு. பாஸ்பேட் தீர்ந்துவந்த நவ்ரு, 1990-களில் முகவரி மட்டுமே உள்ள வங்கிகளுக்கு உரிமம் கொடுத்து, கறுப்புப் பணம் வெளுக்கும் இடம் என்று பெயர் கெட்டது. பிறகு ஆஸ்திரேலியா விரட்டிய அகதிகளை அடைத்து வைக்க இடம் கொடுத்துப் பணம் பார்த்தது. நாடு என்ற அந்தஸ்து மட்டுமே கையிருப்பாக இருந்தால் இந்தச் சபலமும் கூடவே வரும். சூரை வாடகையை நான் இவற்றோடு ஒரே தட்டில் வைக்க மாட்டேன். அது அவர்கள் கடல், அவர்கள் மீன்.

ஆனாலும் இந்த வாடகைப் பணத்தில் ஒரு குறை இருக்கிறது. அது கருவூலத்துக்கு வருகிறது, ஜனங்களின் கைக்கு வருவதில்லை. பிடிபடும் மீனில் பெரும்பகுதி தாய்லாந்துத் தொழிற்சாலைகளுக்குப் போய் டப்பாவில் அடைபடுகிறது. பவளத் திட்டுகளில் ஆலை வைக்க நல்ல தண்ணீரும் மின்சாரமும் வேண்டுமே? அதனால் கிரிபட்டி ஒரு குறுக்கு வழி பிடித்தது. வெளித்தீவு மக்கள் காய வைக்கும் கொப்பரைக்கு அரசு தரும் விலையை 2016-ல் கிலோவுக்கு ஒரு ஆஸ்திரேலிய டாலரிலிருந்து இரண்டாக உயர்த்தியது. சந்தை விலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கொப்பரை என்ற பெயரில் மீன் பணம்தான் தீவு தீவாகப் போய்ச் சேர்கிறது. பொருளாதார நிபுணர்கள் முகம் சுளிக்கலாம். வேறு வேலையே இல்லாத தீவில் ஒரு குடும்பத்துக்குக் கையில் காசு புரள இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

இனிமேல்தான் சிக்கல். எல் நினோ ஆண்டுகளில் சூரை கிழக்கே கிரிபட்டிப் பக்கம் நகரும், லா நினாவில் மேற்கே திரும்பும். அதைச் சமாளிக்கத்தான் நாட்களை ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. கடல் தொடர்ந்து சூடேறினால் மீன் கிழக்கே போய், யாருக்கும் சொந்தமில்லாத ஆழ்கடலில் தங்கிவிடலாம் என்கிறார்கள் விஞ்ஞானிகள். கடல்மட்டம் உயர்ந்து கரை கரைந்தாலும் எங்கள் கடல் எல்லை மாறாது என்று பசிபிக் தலைவர்கள் 2021-ல் அறிவித்துவிட்டார்கள். அந்த அறிவிப்பு மீனைக் கட்டுப்படுத்தாது. ஆழ்கடலில் யார், எவ்வளவு பிடிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் ஆணையம் மைக்ரோனீசியாவின் போன்பெய்யில் இருக்கிறது. ஜப்பான், சீனா, தென் கொரியா, அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம் எல்லாமே அதில் உறுப்பினர்கள். ஒருமித்த சம்மதம் இல்லாமல் அங்கே எதுவும் எளிதில் நகராது.