கல்லச்சில் வந்த தெய்வங்கள்

ராயப்பன்பட்டியில், பனிமய மாதா கோயில் மணியோசை முற்றம்வரை கேட்கும் ஒரு பழைய வீட்டில், செல்லரித்த சட்டத்துக்குள்ளிருந்த மாதா படமொன்றைப் பூதக்கண்ணாடி கொண்டு பார்க்கும் பாக்கியம் சென்ற மாதம் வாய்த்தது. "எங்கப்பா மதுரைக்குப் போயி வாங்கியாந்ததுய்யா, பதனமாப் புடிங்க" என்று வீட்டு மூதாட்டி எச்சரித்தபடி இருந்தார். எட்ட நின்றால் தைலவர்ணச் சித்திரமோ என மயங்கவைக்கும் அந்தக் கன்னம், கண்ணாடியின் கீழ் சிவப்புப் புள்ளிகளாகச் சிதறிப்போயிற்று. நீல முக்காட்டின் வர்ணமோ எல்லை தாண்டிக் கழுத்தின்மீது மயிரிழையளவு ஏறியிருந்தது. காகிதம் கல்லின்மேல் சற்றே விலகி அமர்ந்துவிட்டதன் தடயம் அது.

கல்லச்சு பிறந்த கதை வேடிக்கையானது. தம் நாடகங்களை மலிவாக அச்சிட வழி தேடிய ஸெனஃபெல்டர் என்பவர், 1796-இல், காகிதம் கைக்கு எட்டாததால் சலவைக் கணக்கை ஒரு சுண்ணாம்புக் கல்லில் எழுதிவைத்தாராம். எண்ணெயும் நீரும் ஒட்டாது என்ற, நம் அடுக்களை அறிந்த உண்மையே பின்னர் அவருக்கு மூலதனமாயிற்று. வழவழப்பாகத் தேய்த்த, ஜெர்மனியின் பவேரியக் கல்லில் கொழுப்புக் கலந்த மையால் இடம் வலமாக மாற்றி வரைந்து, பிசினும் சிறிது அமிலமும் பூசி, நீரால் நனைத்து மையுருளையை ஓட்டினால், ஈரம் நின்ற இடம் மையைத் தள்ளிவிடும். கோடு மட்டும் பற்றிக்கொள்ளும். வர்ணப் படமாயின் வர்ணத்துக்கொரு கல். அத்தனை கல்லிலும் ஒரே தாள் இம்மியும் பிசகாமல் அமர வேண்டும்.

1894-இல் ஓவியர் ரவிவர்மா, தம்பி ராஜராஜவர்மாவுடன் பம்பாயில் நிறுவிய அச்சகத்துக்கும் யந்திரம் ஜெர்மனியிலிருந்தே வந்தது. தாமரைமீது நிற்கும் அவருடைய லக்ஷ்மி, இந்தக் கம்பம் பள்ளத்தாக்கு வீடுகளிலும் நிலைப்படிக்குமேல் குடியேறினாள். மாதாவையும் லக்ஷ்மியையும் ஈன்றது ஒரே தொழில் என்பதைப் பக்தர்கள் எண்ணியிருப்பார்களா என்பது சந்தேகமே. ரசிகர்கள் சிலர் இவற்றை மலிவுச் சரக்கென முகஞ்சுளித்ததுண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. மதுரை மீனாட்சியம்மன் சந்நிதிக்குள் எல்லா ஜாதியாரும் நுழைய 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்த நாட்டில், வாசலில் எவரும் தடுக்காத தெய்வத்தைச் சில காசுக்குக் கொடுத்தது இந்தக் காகிதமே.

மூதாட்டி முந்தானையால் துடைத்துப் படத்தை ஆணியில் மாட்டினார். பக்கத்தில் தொங்கிய சிவகாசிக் காலண்டரின்மீதும் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். அங்கேயும் புள்ளிகள்தாம், ஆனால் நாற்று நட்டாற்போல் வரிசை பிசகாமல். மாதாவின் கன்னத்திலோ எவரோ ஒரு தொழிலாளி குனிந்து ஒவ்வொன்றாய் வைத்த புள்ளிகள், உதட்டோரம் நெருங்கியும் தாடையருகே கலைந்தும் கிடந்தன.