லாக் எங்கே, கேஷ் எங்கே?

ஓர் இணையதளம் திடீரென்று படுத்துவிட்டால் யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்றுதான் முதலில் சந்தேகம் வரும். பல நேரங்களில் காரணம் அதைவிட எளிது. சர்வரின் டிஸ்க் நிரம்பியிருக்கும். அதை நிரப்பியதும் அந்த சர்வர் மென்பொருளேதான்.

சர்வர் மென்பொருள் ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும். யார் வந்தார்கள், எதைக் கேட்டார்கள், எங்கே பிழை வந்தது என்று நேரம் குறித்து வரி வரியாகப் பதிவது லாக். ஒருமுறை சிரமப்பட்டுத் தயாரித்த பக்கத்தை அடுத்தவருக்கு உடனே தருவதற்காக எடுத்துவைப்பது கேஷ். கேஷை அழித்தால் தளம் சற்று நேரம் மெதுவாகும், பிறகு தானே சரியாகிவிடும். லாக் போனால் போனதுதான். நேற்று இரவு என்ன நடந்தது என்பதை வேறு எதைக் கொண்டும் மீட்க முடியாது.

அதனால்தான் இரண்டையும் ஒரே இடத்தில் போடக்கூடாது. லினக்ஸில் எந்தக் கோப்பு எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு 1994-லேயே ஒரு விதித்தொகுப்பு வந்துவிட்டது. எஃப்.எச்.எஸ். என்ற பெயரில் அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது, 3.0 பதிப்பு 2015-இல் வெளியானது. அதன்படி, நிறுவிய மென்பொருளுக்கு '/யூஎஸ்ஆர்', ஓட ஓட மாறும் தரவுக்கு '/வார்'. அதற்குள் பதிவுகள் '/வார்/லாக்' ஃபோல்டரிலும், கேஷ் '/வார்/கேஷ்' ஃபோல்டரிலும், தரவுத்தளம் போல இழக்கக்கூடாதவை '/வார்/லிப்' ஃபோல்டரிலும் இருக்க வேண்டும். கேஷை நிர்வாகி எப்போது அழித்தாலும் மென்பொருள் அதிலிருந்து மீண்டுகொள்ள வேண்டும் என்பதும் விதி. இந்தப் பிரிவினை இருந்தால் எதை பேக்கப் எடுப்பது, எதை விடுவது என்று யோசிக்கவே வேண்டியதில்லை.

மென்பொருள் இருக்கும் ஃபோல்டரிலேயே ஒரு 'லாக்ஸ்' ஃபோல்டர் திறந்துவிடுகிறவர்கள் இன்றும் உண்டு. அதற்காக நிரல் இருக்கும் இடம் முழுவதற்கும் எழுதும் அனுமதி கொடுத்துவிட்டால், உள்ளே புகுந்தவர் நிரலையே மாற்றி எழுதிவிடலாம். அது இணையத்துக்குத் திறந்த ஃபோல்டராக இருந்துவிட்டால் இன்னும் ஆபத்து. முகவரியை ஊகித்துத் தட்டும் யாரும் லாக்கில் பதிவான வாடிக்கையாளர்களின் விவரங்களைப் படித்துவிடலாம்.

டிஸ்க் நிரம்பியபின் பலரைக் குழப்பும் ஒன்றையும் சொல்ல வேண்டும். டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று சொல்லும் 'டிஎஃப்' கட்டளை 100 சதவீதம் என்று காட்டுகிறது. பெரிய லாக் கோப்பு ஒன்றைத் தேடிப் பிடித்து 'ஆர்எம்' போட்டு அழிக்கிறோம். மறுபடி 'டிஎஃப்' பார்த்தால் அதே 100. கோப்பின் பெயர்தான் ஃபோல்டரிலிருந்து நீங்கியது. சர்வர் மென்பொருள் அதை இன்னும் திறந்து வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருக்கிறது. அது கோப்பை மூடும்வரை லினக்ஸ் இடத்தை விடுவிக்காது. கோப்பை அழிக்காமல் உள்ளடக்கத்தை மட்டும் காலியாக்கினால் இடம் உடனே கிடைக்கும். அந்த நிலை வராமல் தடுப்பதுதான் 'லாக்ரொட்டேட்' என்ற கருவியின் வேலை. பழைய லாக்கை ஒதுக்கி, புதிய கோப்பைத் தொடங்கி, நாள்பட்டதை நீக்கும். '/வார்' தனிப் பார்ட்டிஷனில் இருந்தால், அது நிரம்பினாலும் மற்ற பகுதிகளில் இடம் மிஞ்சியிருக்கும்.

மென்பொருளைத் தனிப் பெட்டிபோல அடைத்து ஓட்டும் டாக்கர் கண்டெய்னருக்குள் எழுதிய கோப்புகள் அந்தக் கண்டெய்னரை நீக்கும்போது கூடவே போய்விடும். அங்கே லாக்கை வெளியே அனுப்புவதே முறை. சாதாரண சர்வரிலும் ஒரு நகல் வேறு இயந்திரத்துக்குப் போவது நல்லது, ஏனென்றால் உள்ளே புகுந்தவர் தம் தடயத்தை அழிக்கத் தேடுவது லாக்கைத்தான்.

இந்தியாவில் சர்வர் நடத்தும் நிறுவனங்கள் லாக்குகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. லாக்ரொட்டேட்டின் பொது அமைப்போ பல லினக்ஸ்களில் நான்கு வாரங்களுக்குத்தான் வைத்திருக்கும். உங்கள் சர்வரில் அது எவ்வளவு என்று இன்றே பார்த்துவிடுங்கள்.