கடலை மிட்டாய்க்கு லேபிள்: வீட்டிலேயே வடிவமைக்கலாம்!

மணவாள நகரில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா கடலை மிட்டாய் செய்து விற்கிறார். ருசிக்குக் குறைவில்லை. ஆனால் மெல்லிய பாலிதீன் கவரில் வெல்லம் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்தது. லேபிள் இல்லாததால் கடைக்காரர்களும் வாங்கவில்லை. "அடுப்பை அணைச்சிடலாம்னு இருக்கேன் தம்பி" என்றார்.

2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி மிட்டாய்க்கு ஊர்ப் பெயரே விளம்பரம். மற்றவர்களுக்குக் கவர்தான் விளம்பரம்.

ஈரம் புகாத ஜிப் பவுச்சுக்கு மாறினோம். லேபிளை இங்க்ஸ்கேப் என்ற இலவச சாஃப்ட்வேரில் தயாரித்தேன். நீங்களும் செய்யலாம். டாக்குமெண்ட் பிராப்பர்ட்டீஸில் அளவை மில்லிமீட்டரில் கொடுங்கள். பெயரைப் பெரிதாக டைப் செய்யுங்கள். பச்சை நிற சைவக் குறி, சேர்மானங்கள், எடை, எம்.ஆர்.பி., தயாரித்த தேதி, காலாவதி தேதி, முகவரி, 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண், நிலக்கடலை ஒவ்வாமைக் குறிப்பு ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள்.

ஃபைலை ஒரு காப்பி எடுத்து வைத்துவிட்டு, எழுத்துகளைத் தேர்வு செய்து, பாத் மெனுவில் ஆப்ஜெக்ட் டு பாத் கிளிக் செய்யுங்கள். இல்லையெனில் அந்த ஃபாண்ட் இல்லாத அச்சகக் கம்ப்யூட்டரில் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். பிறகு பி.டி.எஃப். ஆக சேவ் செய்து கொடுங்கள்.

முதலில் ஸ்டிக்கராகக் கொஞ்சம் அச்சிட்டால் போதும். விற்பனை கூடியதும் பவுச்சிலேயே அச்சிடலாம். அக்காவிடம் இப்போது திருவள்ளூரில் இரண்டு கடைகள் வாங்குகின்றன.