கண்ணைக் கட்டி ஒரு ரோலர் கோஸ்டர்

லாபு, பகாவ், தம்பின் தோட்டப் பக்கத்துக் குடும்பங்கள் பள்ளி விடுமுறையில் வேன் பிடித்து ஜொகூருக்கு இறங்கினால், பிள்ளைகள் கேட்பது லெகோலேண்டைத்தான். 2012 செப்டம்பரில் திறந்த அந்தப் பூங்கா, 2017 நவம்பரில் தன் பழைய ரோலர் கோஸ்டர் ஒன்றுக்கு 'தி கிரேட் லெகோ ரேஸ்' என்று புதுப் பெயர் சூட்டி, ஏறுகிறவர்களின் தலையில் மெய்நிகர் ஹெட்செட்டை மாட்டியது. உலகின் லெகோலேண்டுகளில் இந்த விளையாட்டு முதலில் வந்தது மலேசியாவில்தான். தண்டவாளம் அதேதான், கண்முன் ஓடியது மட்டும் லெகோ பொம்மைகளின் கார் பந்தயம்.

வண்டி இப்போது எந்த வளைவில் இருக்கிறது என்பதை அதிலுள்ள கருவி ஹெட்செட்டுக்கு நொடிதோறும் சொல்லிக்கொண்டே இருக்கும். படம் கொஞ்சம் பிந்தினாலும் போச்சு. உடம்பு இடப்பக்கம் சாய்கிறது என்று உள்காது சொல்லும், நேராகப் போகிறோம் என்று கண் சொல்லும். இந்தச் சண்டையில் அவதிப்படுவது வயிறு.

சாதாரண ரோலர் கோஸ்டரில் உயரம், இதயநோய், கர்ப்பம் பார்த்து ஏற்றுவார்கள். ஹெட்செட் வந்ததும் தடைகளின் பட்டியல் நீண்டுவிட்டது. மூக்குக் கண்ணாடி போட்ட பிள்ளைக்கு அதன்மேல் ஹெட்செட் சரியாக உட்காராமல் போகலாம். கழற்றினால் படம் மங்கலாம். ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ளவருக்கு முப்பரிமாண ஆழம் கிடைக்காது. வலிப்பு உள்ளவர்களுக்கு மின்னி மறையும் காட்சிகளே ஆபத்தாகலாம். காது கேளாதவர் நிலைமை இன்னும் மோசம்: பணியாளரின் கைச்சைகைதான் அவருக்கு அறிவிப்பு, அதையும் ஹெட்செட் மறைத்துவிடுகிறது. செவித்துணைக் கருவியில் வார் உரசுவது தனித் தொல்லை.

பூங்காக்களுக்கும் இது நிம்மதி தரவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஹெட்செட்டைத் துடைக்க வேண்டும், வாரை இறுக்க வேண்டும், படம் வருகிறதா என்று ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும். அதற்குள் வரிசை வாசல்வரை நீண்டுவிடும். அமெரிக்காவின் சீவேர்ல்ட் ஆர்லாண்டோ 2017இல் கிராக்கன் ரோலர் கோஸ்டரில் மாட்டிய ஹெட்செட்டை அடுத்த ஆண்டே கழற்றியது. இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் 2016இல் கலாக்டிகா ரோலர் கோஸ்டரில் கொண்டுவந்ததையும் சில ஆண்டுகளில் கைவிட்டது. மாற்றுத்திறனாளிகளின் முறையீட்டைவிட வரிசையின் நீளம்தான் இங்கே வேலை செய்தது என்று தோன்றுகிறது.

மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொழுதுபோக்கு இடங்களிலும் அவர்களுக்குச் சம உரிமை உண்டு என்கிறது. ஆனால் மீறுவோருக்குத் தண்டனை என்று அதில் எழுதி வைக்கவில்லை. ஆகவே கேட்டு வாங்குவது நம் பொறுப்பாகிறது.

இப்படிப்பட்ட விளையாட்டு உள்ள எந்தப் பூங்காவுக்குப் போனாலும், டிக்கெட் எடுக்கும் முன் முகப்பில் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஹெட்செட் இல்லாமல் ஏறலாமா? மூக்குக் கண்ணாடியோடு மாட்டலாமா? பிள்ளையிடம் ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டை இருந்தால் மறக்காமல் கொண்டுபோங்கள்.