சத்தம் பெரிது, செலவு சிறிது

பழைய கார் எஞ்சினின் சத்தத்தையும் அதைச் சரிசெய்யும் செலவையும் அருகருகே எழுதிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். மோரிஸ் மைனரைப் பொறுத்தவரை இரண்டும் பெரும்பாலும் தலைகீழ் விகிதம். தெருவே திரும்பிப் பார்க்கும் கிறீச்சும் கடகடவும் ஒரு பெல்ட், ஒரு கேஸ்கெட்டோடு போய்விடும். பணத்தைத் தின்பது அடியிலிருந்து மந்தமாக வரும் முட்டல். அதைவிடப் பொல்லாதது ஒன்று உண்டு: இத்தனை நாள் வந்துகொண்டிருந்த சத்தம் தானாக நின்றுபோவது.

முதலில் வண்டியின் கணக்கு. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மைனர் 1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. 1971இல் உற்பத்தி நிற்கும்போது 16 லட்சத்தைத் தாண்டியிருந்தது. 1952 முதல் அதில் ஏ-சீரிஸ் எஞ்சின். முதலில் 803 சி.சி., 1956இல் 948, 1962இல் 1098. மலேசியாவின் முதல் கார் பொருத்தும் ஆலை ஷா ஆலாமில் திறந்ததே 1967இல்தான். அதற்கு முன் பினாங்குக்கு வந்த மைனர்கள் கப்பலில் வந்தவை. இன்றைய சாலைவரி 1000 சி.சி. வரை ஆண்டுக்கு 20 வெள்ளி, 1001 முதல் 1200 வரை 55 வெள்ளி. ஆக 948க்கும் 1098க்கும் இடையில் உள்ள 150 சி.சி.யின் விலை 35 வெள்ளி. இந்தச் செலவு ஏட்டில் பேரம் பேச முடியாத வரிகளில் அது ஒன்று.

இனிச் சத்தம். எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிராங்க் 800 சுற்றினால் கேம் 400தான் சுற்றும். ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 400 முறை திறந்து மூடும். 8 வால்வுக்கு 3,200. மேலே டேப்பெட் பக்கத்துக் கோளாறு கேமின் கணக்கில் தட்டும், கீழே பேரிங் பக்கத்துக் கோளாறு கிராங்கின் கணக்கில் முட்டும். விநாடிக்கு 6, 7 தட்டல்களை யாராலும் காதால் எண்ண முடியாது. அதற்கு டைமிங் லைட் போதும். முதல் சிலிண்டரின் பிளக் ஒயரில் மாட்டினால் கிராங்கின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மின்னும். மின்னலுக்கு ஒரு தட்டு கேட்டால் மேலே பாருங்கள். இரண்டு கேட்டால் கீழே. எஞ்சினில் ஒரு நட்டையும் தொடாமல் செலவின் பாதித் திசை தெரிந்துவிடும்.

டேப்பெட் சத்தம்தான் அதிகம் பேரைப் பட்டறைக்கு ஓட வைப்பது. ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே எஞ்சின் குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம், அதாவது 0.30 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். மேல்மூடிக்கு நட்டு இரண்டு, கார்க் கேஸ்கெட் ஒன்று. சரிசெய்யும் முறையை 9 என்ற ஓர் எண்ணில் நினைவு வைத்துக்கொள்ளலாம்: 8ஆம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது 1ஐச் சரிசெய்ய வேண்டும், 6 திறந்தால் 3, 4 திறந்தால் 5. எப்போதும் கூட்டுத்தொகை 9. கூலி மணிக்கு 50 வெள்ளி என்று கணக்கு வசதிக்காக வைத்துக்கொள்கிறேன். உங்கள் பட்டறையின் எண் வேறாக இருந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். டேப்பெட் வேலை ஒரு மணி நேரம்: 50 வெள்ளி. ஃபீலர் கேஜும் ஸ்பானரும் சொந்தமாக இருந்தால் அதுவும் மிச்சம். ஆனால் ஸ்பானர் அங்குல அளவாக இருக்க வேண்டும். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர், 13ஐப் போட்டுத் திருகி நட்டின் முனையை மழுக்கியவர்கள் ஏராளம். பினாங்கின் லோரோங் கூலிட் காலைச் சந்தையில் தேடினால் பழைய அங்குல ஸ்பானர் அகப்படக்கூடும்.

சத்தம் நிற்பதைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? மைனர் பிறந்த காலத்தில் பெட்ரோலில் ஈயம் இருந்தது. வால்வு ஸீட் தேயாமல் அது காத்தது. ஈயமில்லாத பெட்ரோலில், அதுவும் வேகமாக நெடுந்தூரம் ஓட்டினால், வெளிப்போக்கு வால்வின் ஸீட் தேய்ந்து வால்வு சிலிண்டர் தலைக்குள் அமிழும். அமிழ அமிழ 0.012 என்பது 0.008 ஆகும், 0.004 ஆகும், கடைசியில் பூஜ்யம். டேப்பெட் பரம சாதுவாகிவிடும். ஓட்டுபவர் மகிழ்ச்சியாக இருப்பார்; முழுதாக மூடாத வால்வு உள்ளே கருகிக்கொண்டிருக்கும். அப்புறம் தலையைக் கழற்ற வேண்டும்: 9 நட்டுகள், திரும்ப மாட்டும்போது ஒவ்வொன்றும் 40 பவுண்டு-அடி முறுக்கு, ஹெட் கேஸ்கெட் ஒன்று, கடினப்படுத்திய ஸீட் வளையம் 4, கடைசல் கூலி தனி. ஆகவே லேசாகத் தட்டும் டேப்பெட்டை நான் குறையாகவே நினைப்பதில்லை. இடைவெளி போன தடவையைவிடக் குறைந்திருக்கிறதா என்று எழுதி வைத்துப் பார்ப்பதுதான் முக்கியம்.

சில்லறைச் சத்தங்களை வேகமாகக் கடந்துவிடலாம். மழைக்காலக் காலையில் கிறீச்சென்றால் ஃபேன் பெல்ட். டேப்பெட் போலவே தட்டி, எஞ்சின் சூடானதும் அடங்கினால் மேனிஃபோல்டில் புகைக் கசிவாக இருக்கலாம். சாவியைத் திருப்பியதும் டிக்டிக் என்பது எஸ்.யூ. மின் பம்ப், அது கார்புரேட்டர் நிரம்பியதும் அடங்க வேண்டும், அடங்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் தொட்டி காலி அல்லது எங்கோ ஒழுகுகிறது. 6.5 கேலன் தொட்டி 29.5 லிட்டர். 2025 செப்டம்பர் 30 முதல் குடிமக்களுக்கான ரோன் 95 விலை 1 வெள்ளி 99 காசு. தொட்டி நிரப்ப 58 வெள்ளி 70 காசு. ஜாலான் துன் சார்டோன் ஏற்றத்தில் பாலிக் புலாவ் நோக்கி ஏறும்போது கிண்கிணி போல ஒலித்தால் தீப்பொறி முந்துகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் ஓரத்தில் உள்ள சிறு திருகை 55 கிளிக் திருப்பினால் 5 பாகை மாறும். 11 கிளிக், ஒரு பாகை, செலவு பூஜ்யம்.

கீழே கிராங்கில் உள்ள பிக் எண்ட் பேரிங் அப்படியல்ல. எஞ்சின் சூடாக இருக்கையில், நடுத்தர வேகத்தில் பெடலிலிருந்து காலை எடுத்த கணத்தில் டொக்கு டொக்கென்று வரும். பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எர்த்தில் வைத்துப் பார்க்க வேண்டும்; எந்தச் சிலிண்டரில் சத்தம் குறைகிறதோ அங்கேதான் தேய்மானம். டேப்பெட் இதற்கெல்லாம் அசையாது. புதிதில் அந்த பேரிங்கின் இடைவெளி 0.001 முதல் 0.0025 அங்குலம். இதில் எண்ணெய் அழுத்தம் சாட்சி சொல்லும்: ஓடும்போது சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு இருக்க வேண்டும். மைனரில் இருப்பது வெறும் எச்சரிக்கை விளக்கு. அழுத்தம் அறவே விழுந்த பிறகுதான் எரியும். அது அணைந்திருப்பதற்கு 60 என்று பொருளில்லை, 20ஆகவும் இருக்கலாம். ஓர் அழுத்தமானி வாங்கிப் பொருத்துவது இந்த ஏட்டிலேயே லாபமான செலவு.

"பட்டர்வொர்த் வரைக்கும்தானே, போய்விட்டு வந்து பார்க்கலாம்" என்பது அடுத்த செலவு. 2021 முதல் ஃபெரியில் கார் ஏற்றுவதில்லை, பாலம்தான் வழி. 1985இல் திறந்த பினாங்கு பாலம் 13.5 கிலோமீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் பதின்மூன்றரை நிமிடம். 1098 எஞ்சின் நாலாவது கியரில் அந்த வேகத்துக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,250 சுற்று ஓடும். சுற்றுக்கு ஒரு முட்டு என்றால் ஒருவழிக்கு 30,000 முட்டு, போய்வர 60,000.

அந்த 60,000க்கு முன் நின்றிருந்தால்: சம்ப்பைக் கழற்றி 8 அரைவட்ட பேரிங் ஷெல், சம்ப் கேஸ்கெட், 3.7 லிட்டர் எண்ணெய். என் மதிப்பீட்டில் 8 மணி நேரம், கூலி 400 வெள்ளி. பின் நின்றால்: எஞ்சினை வெளியே எடுத்து கிராங்கைக் கடைய வேண்டும். 4 பிக் எண்ட், 3 மெயின், ஆக 7 இடம். ஷெல் 14, தள்ளு வாஷர் 4, பெரும்பாலும் புது ஆயில் பம்பும். குறைந்தது 40 மணி நேரம், 2,000 வெள்ளி, கடைசல் தனி. கிராங்கை 0.010, 0.020, 0.030, 0.040 அங்குலம் என்று நான்கு படிதான் கடையலாம். ஐந்தாவது படி இல்லை, வேறு கிராங்க் தேட வேண்டும்.

சாமான் பெரும்பாலும் பிரிட்டனிலிருந்து வருகிறது. 1990களின் தொடக்கத்தில் சார்ல்ஸ் வேர் என்பவரின் முயற்சியில் இலங்கையிலேயே மைனர் உதிரிபாகங்கள் செய்யத் தொடங்கினார்கள் என்பது நம் பக்கத்துச் செய்தி. 2024 ஜனவரி 1 முதல் இணையவழி வெளிநாட்டிலிருந்து வாங்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி. 400 வெள்ளி ஷெல்லுக்கு 40 வெள்ளியைச் சேர்த்தே எழுதுங்கள், கப்பல் கூலி வேறு.

வாங்கப் போகிறவருக்கு ஒரு வார்த்தை. கெட்டியான எண்ணெய் ஊற்றினால் பிக் எண்ட் சில நாள் வாயை மூடும். முன்கூட்டியே சூடாக்கி வைத்தால் பிஸ்டன் ஆட்டம் கேட்காது. விற்பவரிடம் காலையில் வருகிறேன், வண்டியை எடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போய், முதலில் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். குளிர்ந்திருந்தால் அழுத்தமானியைக் கொண்டுபோய் மாட்டி, நன்றாக ஓடவிட்டுப் பாருங்கள். 60க்கு வெகு கீழே நின்றால் மேலே போட்ட 2,000ஐ விலையில் கழித்துவிட்டுப் பேச்சைத் தொடங்கலாம்.