முன் அனுமதி என்னும் பூட்டு

சட்டசபை நடவடிக்கைகள் பத்திரிகையில் வெளிவரும்போது, நம் நேயர்களில் பெரும்பாலோர் மந்திரிகளின் பதில்களையும் அங்கத்தினர்களின் காரசாரமான பேச்சுக்களையும் ஆவலோடு படிக்கிறார்கள். ‘ஒழுங்குப் பிரச்னை’, ‘அக்கிராசனரின் தீர்ப்பு’, ‘முன் அனுமதி’ என்ற சொற்கள் வந்தவுடன் அடுத்த பத்திக்குத் தாவிவிடுகிறார்கள். இவையெல்லாம் வக்கீல்களுக்குரிய விவகாரம், குடியானவனுக்கு இதனால் ஆவதொன்றுமில்லை என்பது பொதுவான எண்ணம். இந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதற்குச் சேலம், நாமக்கல் சீமையைச் சேர்ந்தவர்களுக்குத் தொலைவில் உதாரணம் தேட வேண்டியதில்லை. திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்து ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன் 1932 நவம்பர் 1-ஆம் தேதி சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானத்தின் கதையே போதும்.

அந்த ஆண்டின் நிலைமையை முதலில் நினைவூட்டிக் கொள்வது நல்லது. செப்டம்பர் 20-ஆம் தேதி எரவாடா சிறையில் மகாத்மா காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார். 24-ஆம் தேதி புனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த மலையாள ஜில்லாவில், குருவாயூர்க் கோயிலை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டுமென்று ஸ்ரீ கேளப்பன் உண்ணாவிரதமிருந்து, காந்தியடிகளின் வேண்டுகோளின்பேரில் அதை நிறுத்தி வைத்திருந்தார். தேசமெங்கும் கோயில் கதவைப் பற்றியே பேச்சு. ஆனால் கதவைத் திறக்க மனமுள்ள தர்மகர்த்தாவுக்கும் அன்று ஓர் இடையூறு இருந்தது. கோயிலின் பழைய மாமூலைக் காப்பது அவர் கடமை என்பது சட்டம். மாமூலை மீறிக் கதவைத் திறந்தால், யாரேனும் ஒருவர் கோர்ட்டில் பிராது கொடுத்து அவரைத் தடுத்துவிடலாம். ஊரார் அனைவரும் இசைந்தாலும் ஒருவருடைய பிராது போதும் என்பதுதான் இதன் பொருள். ஆகவே, மனமாற்றத்தோடு சட்டமாற்றமும் தேவைப்பட்டது.

டாக்டர் சுப்பராயன் 1926 முதல் 1930 வரையில் மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்தவர். 1932-இல் அவருக்கு மந்திரிப் பதவி இல்லை. அன்று கோட்டையில் கூடிய சபையில், ஒடுக்கப்பட்ட வகுப்பினர் கோயில்களில் நுழைந்து வழிபடுவதற்கு இடையூறாக உள்ளவற்றை நீக்கச் சட்டம் கொண்டுவர வேண்டுமென்று சர்க்காருக்குச் சிபார்சு செய்யும் தீர்மானத்தை அவர் பிரேரேபித்தார். ஓட்டெடுத்தபோது ஆதரவாக 56 பேர், எதிராக ஒருவருமில்லை, 19 பேர் நடுநிலைமை. நடுநிலைமை என்று எழுந்து நின்று கணக்கில் பதிவு செய்து கொள்வது சென்னைச் சபையின் வழக்கம். பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் செய்து தலைகளை எண்ணும் அந்த முறையை 2017 பிப்ரவரியில் நடந்த நம்பிக்கைத் தீர்மான ஓட்டெடுப்பிலும் தமிழ்நாடு கண்டது.

56-க்கு எதிராக ஒருவருமில்லை என்றால், மேலோட்டமாகப் பார்ப்பவர்களுக்கு அது மகத்தான வெற்றி. நாம் இந்தக் கணக்கைச் சற்று நிதானமாகவே பார்க்கிறோம். அன்றைய சபையில் 132 இடங்கள். அவற்றில் 98 தேர்தலால் நிரப்பப்பட்டவை. 56-ஐயும் 19-ஐயும் கூட்டினால் 75. ஐம்பதுக்கு மேற்பட்ட இடங்கள் இந்தக் கணக்கிலேயே வரவில்லை. மேலும் தீர்மானம் என்பது சிபார்சு. மசோதா என்பது சட்டத்தின் வித்து. சிபார்சு எவரையும் கட்டுப்படுத்தாது; சர்க்கார் அதை ஏற்கலாம், அலமாரியில் வைத்துப் பூட்டலாம். ஒருவரையும் கட்டுப்படுத்தாத விஷயத்துக்குக் கை தூக்குவது அவ்வளவு கஷ்டமான காரியமன்று. எதிர்ப்பவர்கள் கூட அன்று வாயைத் திறக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. போதாக்குறைக்கு அந்த வாரத்திலேயே மந்திரி சபை மாறி, ஸ்ரீ முனுசாமி நாயுடுவின் இடத்துக்கு பொப்பிலி ராஜா வந்து சேர்ந்தார்.

டாக்டர் சுப்பராயன் இதை அறியாதவரல்லர். தீர்மானத்தோடு நின்றுவிடாமல் அவர் மசோதாவையும் தயாரித்தார். அந்தந்த ஊரின் ஹிந்து வாக்காளர்களில் பெரும்பான்மையோர் இசைந்தால், மாமூல் எதுவாயிருப்பினும் கோயிலைத் திறக்கலாம் என்பது அதன் சாரம். புரட்சி என்று சொல்லத்தக்கது ஒன்றும் அதில் இல்லை. எவருடைய நுழைவைப் பற்றிய கேள்வியோ, அவர்களுடைய உரிமையை மற்றவர்களுடைய ஓட்டுக்கு விட்டது அம்மசோதா. அந்தக் குறையை இன்று நாம் மறைப்பதற்கில்லை. ஆயினும் ஒருவருடைய பிராதுக்கு இருந்த பலத்தை ஊராரின் பெரும்பான்மைக்கு மாற்ற முயன்ற அளவில், அது முன்னேற்றமே.

இங்கேதான் நம் நேயர்கள் தாவிச் செல்லும் அந்தப் பத்தி குறுக்கே வருகிறது. 1919-ஆம் ஆண்டு இந்திய சர்க்கார் சட்டத்தின் திட்டப்படி, 80-ஏ பிரிவில் ஒரு நிபந்தனை இருந்தது. மத்திய சர்க்காருக்குரிய விஷயங்களைத் தொடும் சட்டத்தை, கவர்னர்-ஜெனரலின் முன் அனுமதியின்றி மாகாண சபை செய்யவும் கூடாது. பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளவும் கூடாது. ‘செய்யக் கூடாது’ என்பதை எவரும் புரிந்துகொள்ளலாம். ‘பரிசீலிக்கவும் கூடாது’ என்பதுதான் இதிலுள்ள சூட்சுமம். மசோதா தோற்றால், யார் தோற்கடித்தார்கள், என்ன காரணம் கூறினார்கள் என்பவை நடவடிக்கைப் புத்தகத்தில் ஏறும். அடுத்த தேர்தலில் அந்த அங்கத்தினரை வாக்காளர் கேள்வி கேட்கலாம். பரிசீலனைக்கே வராத மசோதாவுக்கு விவாதமுமில்லை, பெயர்ப் பட்டியலுமில்லை. அனுமதிக் காகிதம் வராத வரையில் அக்கிராசனர் அதற்கு இடங்கொடுக்க முடியாது. அவர் எவ்வளவு நல்லவராயிருப்பினும், விதி அவருடைய கையைக் கட்டிவிடுகிறது.

இதில் ஒரு வேடிக்கையையும் கவனிக்க வேண்டும். மத தர்ம ஸ்தாபனங்கள் என்பது 1919 திட்டத்தின்கீழ் மாகாணத்துக்கு, அதிலும் மந்திரிகளின் பொறுப்புக்கு, விடப்பட்ட விஷயம். அந்த அதிகாரத்தைக் கொண்டுதான் பனகல் ராஜாவின் காலத்தில் சென்னைச் சபை ஹிந்து தேவஸ்தானச் சட்டத்தை நிறைவேற்றி, கோயில்களின் சொத்தையும் கணக்கையும் மேற்பார்க்க ஒரு போர்டை ஏற்படுத்தியது. கோயிலின் உண்டியலை எண்ணச் சபைக்கு அதிகாரம் உண்டு. உண்டியலில் காசு போட யார் உள்ளே வரலாம் என்று பேச மட்டும் டில்லியின் உத்தரவு வேண்டுமாம்!

1933 ஜனவரியில் வைஸிராய் வில்லிங்டன் பிரபுவின் முடிவு வெளிவந்தது. சென்னை மசோதாவுக்கு அனுமதி இல்லை. இது இந்தியாவிலுள்ள ஹிந்துக்கள் அனைவரையும் பற்றிய விஷயம், ஒரு மாகாண சபை தனியாகத் தீர்மானிக்கத் தக்கதன்று என்பது சொல்லப்பட்ட காரணம். அதற்குப் பதிலாக, டில்லியிலுள்ள மத்திய சட்டசபையில் ஸ்ரீ ரங்க ஐயரின் மசோதாவைக் கொண்டுவர அனுமதி அளிக்கப்பட்டது. மறுத்ததாகவும் இல்லை, கொடுத்ததாகவும் இல்லை. அந்த மசோதாவுக்கு ஆதரவு திரட்ட ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் டில்லிக்கே சென்றார். டாக்டர் அம்பேத்காரோ, தம் மக்களுக்கு வேண்டியது கோயில் நுழைவைக் காட்டிலும் கல்வியும் நல்ல உத்தியோகமும் சமூக சமத்துவமுமே என்று கூறி, ஆதரவளிக்க மறுத்துவிட்டார். மசோதா அபிப்பிராயத்துக்காக மாகாணம் மாகாணமாகச் சுற்றியது. 1934 ஆகஸ்டில், தேர்தல் நெருங்கிய வேளையில், காங்கிரஸின் ஆதரவும் நழுவிப் போகவே, ஸ்ரீ ரங்க ஐயர் கசப்போடு அதைக் கைவிட்டார்.

அந்நிய சர்க்கார் போட்ட பூட்டு இது என்று கூறிவிட்டு நாம் கையைக் கழுவிவிட முடியாது. 1937-இல் மாகாண சுயாட்சி வந்தது. முன் அனுமதி வேண்டிய விஷயங்களின் பட்டியல் 1935 சட்டத்தில் வெகுவாகச் சுருங்கிவிட்டது. பிரதம மந்திரி ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார். 1925-இல் திருச்செங்கோடு வட்டாரத்துப் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்துத் தீண்டாமை ஒழிப்பில் ஈடுபட்டவர். அவருடைய மந்திரி சபையில் சட்டத்துக்கும் கல்விக்கும் மந்திரி டாக்டர் சுப்பராயன். 1932-இல் கோயிலுக்காக உழைத்த இரு சேலம் ஜில்லாக்காரர்களும் இப்போது சர்க்கார் பக்கத்து ஆசனத்தில். பூட்டு கழன்றுவிட்டது, சபையில் பெரும்பான்மையும் இருக்கிறது. 1938 ஆகஸ்டில், ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் தலைவர் ராவ் பகதூர் எம். சி. ராஜா தம் கோயில் நுழைவு மசோதாவை செலக்ட் கமிட்டிக்கு அனுப்ப வேண்டுமென்று பிரேரேபித்தார். பிரதம மந்திரியே எழுந்து எதிர்த்தார். பொதுஜன அபிப்பிராயம் இன்னும் கனியவில்லை, முதலில் மலையாளத்தில் செய்து பார்ப்போம் என்பது அவர் வாதம். பிரேரணை பெருவாரியான ஓட்டுக்களால் தோற்றது. மலையாளத்துக்கு மட்டும் தனிச் சட்டம் அவ்வாண்டே நிறைவேறியது.

ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியாரின் நோக்கத்தில் நாம் குறை காணவில்லை. படிப்படியாகச் செல்வது அவருடைய சுபாவம். எனினும், செலக்ட் கமிட்டிக்கு அனுப்புவதென்பது மசோதாவை ஏற்பதாகாது, ஆராய்வதேயாகும். ஆராய்ச்சிக்கும் இடமில்லையென்றால், 1933-இல் டில்லியிலிருந்து வந்த பதிலுக்கும் இதற்கும் ராஜாவின் வகுப்பினர் என்ன வித்தியாசத்தைக் கண்டிருப்பார்கள்? ஒரு வித்தியாசம் உண்டு, அது சிறியதுமன்று. இம்முறை விவாதம் நடந்தது. காரணங்கள் புத்தகத்தில் ஏறின. இன்றும் அவற்றை எடுத்துவைத்துக் கொண்டு நம்மால் வழக்காட முடிகிறது.

முடிவில் வழி காட்டியது சபையன்று, மதுரை. 1939 ஜூலை 8-ஆம் தேதி ஸ்ரீ வைத்தியநாதய்யர் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த சிலரோடும் ஒரு நாடாரோடும் மீனாட்சியம்மன் ஆலயத்துக்குள் சென்றார். கோர்ட்டு வழக்குகள் எழுந்தன. கோயிலைத் திறந்தவர்களுக்கும் உடந்தையாயிருந்த அதிகாரிகளுக்கும் பாதுகாப்பளிக்க முதலில் ஓர் அவசரச் சட்டம் பிறந்தது; பிறகு அவ்வாண்டே சபை முறைப்படியான சட்டத்தை இயற்றியது. 1933-இல் செயல் சட்டத்துக்காகக் காத்து நின்றது. 1939-இல் சட்டம் செயலின் பின்னே ஓடிற்று. மாகாணமெங்கும் நுழைவு ஓர் உரிமையாகி, தடுப்பவருக்குத் தண்டனையும் ஏற்பட்டது 1947-ஆம் ஆண்டின் 5-ஆவது சட்டத்தால். அப்போதும் டாக்டர் சுப்பராயன் மந்திரி சபையில் இருந்தார். தீர்மானத்திலிருந்து உரிமைக்கு வர ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் பிடித்தன.

பூட்டின் பிற்காலக் கதையையும் சொல்லிவிட வேண்டும். 1950-இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 255-ஆவது ஷரத்துப்படி, முன் அனுமதி பெறாத ஒரே குறைக்காக, பின்னர் சம்மதம் பெற்ற சட்டம் செல்லாததாகிவிடாது. 25-ஆவது ஷரத்து ஹிந்துக்களின் பொதுக் கோயில்களை எல்லா வகுப்பு ஹிந்துக்களுக்கும் திறந்துவிடச் சட்டம் செய்ய இடமளிக்கிறது. காகிதத்தில் இனித் தடையென்று ஒன்றுமில்லை.

ஆனால் ஊரில்? 1997-இல் நாமக்கல் தனி ஜில்லாவாகி, குமாரமங்கலமும் திருச்செங்கோடும் அதனுடன் சென்றுவிட்டன. எஞ்சிய சேலம் ஜில்லாவில், ஓமலூரை அடுத்த தீவட்டிப்பட்டியில், 2024 மே மாதத்தில் மாரியம்மன் கோயில் வழிபாட்டைக் குறித்து இரு தரப்பாருக்கிடையே கலவரம் மூண்டு கடைகள் எரிந்தன. இத்தகைய சந்தர்ப்பங்களில் அதிகாரிகள் கூட்டும் சமாதானக் கூட்டங்கள் நமக்குப் பழக்கமானவை. கோயிலுக்குச் சீல் வைப்பதும், தேதி குறிக்காமல் பேச்சை ஒத்திவைப்பதும் அவற்றின் வழக்கமான பலன்கள். பரிசீலனையே வேண்டாம் என்ற 80-ஏ பிரிவின் சாயை இவற்றில் படிந்திருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

கோட்டையில் இன்றும் கேள்வி நேரம் என்று ஒன்று உண்டு. 1947-ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ், சென்ற பத்தாண்டுகளில் சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் எத்தனை வழக்குகள் பதிவாயின, எத்தனையில் தண்டனை கிடைத்தது என்ற ஒரு கேள்வியை இவ்விரு ஜில்லாக்களின் அங்கத்தினர்கள் கட்சி பேதமின்றிச் சேர்ந்து அனுப்பட்டும். அதற்கு எவருடைய முன் அனுமதியும் வேண்டியதில்லை. உரிய கால முன்னறிவிப்புக் கொடுத்தால் போதும். பதில் சபையின் மேஜை மீது வைக்கப்படும் நாளில், அந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லாமல் படிக்குமாறு நம் நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.